வெட்டியது எங்கே என்று பெட்டியில் எழுதியிருக்காது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மெகாபிக்சல், வீடியோ எந்தத் தரம், வைஃபை உண்டா, கூட எத்தனை லென்ஸ் வருகிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஆரம்பத்துக்கு இருப்பதிலேயே சின்ன மாடல் போதும், கற்றுக்கொண்ட பிறகு பெரிய கேமராவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்தியது. பல வருடமாக விடுமுறை நாட்களில் புதியவர்களுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான் (காசு வாங்குவதில்லை, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை). இந்தச் சின்ன கேமராக்களில் விலையைக் குறைக்க எதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கற்றுக்கொள்கிறவனுக்குத் தேவைப்படுவதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவன் எப்படியாவது சமாளித்துவிடுவான். புதியவன்தான் மாட்டிக்கொள்கிறான், அதுவும் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு.

படத்தின் தரத்தில் அவர்கள் கை வைப்பது குறைவு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆளும் டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது 2003-ல் வந்த கேனான் 300டி. அதில் படத்தைப் பதிவு செய்யும் 6.3 மெகாபிக்சல் சென்சாரும், அதே வருடம் வந்த, அதைவிட விலை கூடிய 10டி-யில் இருந்ததும் ஒன்றுதான். 2012-ல் நிக்கான் வெளியிட்ட டி3200 என்ற கடைக்குட்டிக்கு 24 மெகாபிக்சல். அதே வருடம் வந்த அந்த நிறுவனத்தின் தலைமை மாடல் டி4-க்கு வெறும் 16. காரணம் எளிது, மெகாபிக்சல் எண் பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகிறது, அங்கே யார் கஞ்சத்தனம் செய்வார்கள்? இத்தனைக்கும் 6 மெகாபிக்சல் படம் 3000-க்கு 2000 புள்ளிகள், 24 என்றால் 6000-க்கு 4000. எண் நான்கு மடங்கு, ஆனால் அகலமும் உயரமும் இரண்டே மடங்கு. பத்து அங்குல அகலத்துக்குப் பிரின்ட் போடப் பழைய 6 மெகாபிக்சலே தாராளமாகப் போதும்.

சரி, வெட்டுவது எங்கே? முதல் வெட்டு கண்ணுக்கு.

டிஎஸ்எல்ஆர் என்ற பொருளின் உயிரே, கண்ணை வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டரில்தான் இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே போய், அங்கே திருத்தப்பட்டு நேரான பிம்பமாக நம் கண்ணுக்கு வருகிறது. அப்படித் திருத்துகிற வேலையைப் பெரிய கேமராக்களில் கெட்டியான ஒரு கண்ணாடிக் கட்டி செய்யும், பென்டாபிரிசம் என்பார்கள். சின்ன கேமராக்களில் அதற்குப் பதிலாக உள்ளே வெறுமையான ஒரு பிளாஸ்டிக் கூட்டில் சின்னச் சின்ன ஆடிகளை ஒட்டி வைத்திருப்பார்கள், இது பென்டாமிரர். எடை குறைகிறது, செலவு குறைகிறது, கூடவே வெளிச்சமும் குறைகிறது. இத்தோடு விடுவதில்லை. இந்த வகைக் கேமராக்களில் அநேகமாக எல்லாமே படத்தில் விழப்போவதில் 95 சதவீதத்தைத்தான் வியூஃபைண்டரில் காட்டும். 95 என்றால் நல்ல மார்க்காகத் தெரியும். ஆனால் அது அகலத்தில் 95, உயரத்திலும் 95, இரண்டையும் பெருக்கினால் பரப்பில் சுமார் 90. அதாவது படத்தில் பத்தில் ஒரு பங்கு நாம் பார்க்காமலேயே எடுக்கிறோம்.

என் முதல் கேமராவில் நடந்தது இது. அண்ணன் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மாலை வெளிச்சம் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. அறையின் மூலையில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடந்தது, அது படத்துக்குள் வரக்கூடாது என்று அரை அடி நகர்ந்து, குனிந்து, ஓரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வியூஃபைண்டரில் வாளி இல்லை. படத்தில் பாதி வாளி இருந்தது. அன்றைக்கு எனக்கு ஓரம் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன், ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த 95 சதவீதக் கணக்கு கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அளவு இன்னொரு சங்கடம். சின்ன சென்சார், அதனால் சின்ன பிம்பம், அதைப் பெரிதாக்கிக் காட்டுவதிலும் சிக்கனம். 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிப் பார்த்தால் 0.8 மடங்கு என்று கேனானின் சின்ன மாடல்களில் போட்டிருக்கும். கேட்கப் பரவாயில்லைதான், ஆனால் சென்சார் பழைய ஃபிலிமைவிட 1.6 மடங்கு சிறியது என்பதால் அதையும் வகுத்துக்கொள்ள வேண்டும், ஆக 0.5. 1972-ல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 என்ற ஃபிலிம் கேமராவில் இதே கணக்கு 0.92. பரப்பாகப் பார்த்தால் அந்த ஐம்பது வருடக் கேமரா காட்டிய காட்சியில் மூன்றில் ஒரு பங்குகூட நம் புதுக் கேமரா காட்டுவதில்லை. பழைய கேமராவை ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது சுரங்கப்பாதையின் மறுமுனையைப் பார்ப்பது மாதிரி.

இதன் மேல் கேமராவோடு கூடவே வரும் 18-55 கிட் லென்ஸை மாட்டுகிறோம். 55-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. இருட்டுப் பெட்டிக்குள் இருட்டு லென்ஸ். ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா காதில் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கேமரா பீப் என்று கத்தினால் நம்பிவிட வேண்டியதுதான். எஃப்/1.8 லென்ஸை வாங்கி மாட்டினாலும் தீர்வதில்லை. இப்போதைய ஃபோகஸிங் திரைகள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை, எஃப்/2.8-ஐத் தாண்டிய மங்கலை அவை உண்மையான அளவில் காட்டாது. வியூஃபைண்டரில் மூக்கும் கண்ணும் சேர்ந்தே தெளிவாக இருக்கும், படத்தில் மூக்கு மட்டும் தெளிவாக இருக்கும்.

ஒரு அம்மா என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார், ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு வாரமாக ஒரே புகார், எதைப் பார்த்தாலும் கலங்கலாகத்தான் இருக்கிறது, கேமராவே கோளாறு என்று. வாங்கிப் பார்த்தேன். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும், பார்வைக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ள. அதை ஏழெட்டுப் பல் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். "அடடே, கீழே எழுத்தெல்லாம் இருக்கிறதா?" என்றார். ஷட்டர் வேகமும் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) அப்பர்ச்சரும் (லென்ஸின் வாய் திறக்கும் அளவு) அங்கே எண்ணாக ஓடுவதை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. 2018-ல் கேனான் கொண்டுவந்த 4000டி-யில் இந்தச் சக்கரமே கிடையாது. சில நாடுகளில் அது 3000டி என்ற பெயரில் விற்றது. அந்த மாடலில் லென்ஸ் மாட்டும் வளையமும் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக், அதைக்கூட நான் மன்னிப்பேன், கிட் லென்ஸை மட்டும் மாட்டுகிறவருக்கு அது உழைக்கும். கண்ணுக்கான சக்கரத்தை எடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த வெட்டு விரலுக்கு. பெரிய கேமராக்களில் இரண்டு டயல் இருக்கும், ஒன்று ஷட்டர் வேகத்துக்கு, மற்றது அப்பர்ச்சருக்கு. சின்ன கேமராவில் ஒன்றே ஒன்று. இரண்டையும் நாமே வைக்கும் மேனுவல் மோடில் டயலைத் திருப்பினால் ஷட்டர் மாறும், அப்பர்ச்சரை மாற்ற வேண்டுமானால் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடியே அதே டயலைத் திருப்ப வேண்டும். சரி, பழகிவிடலாம் என்கிறீர்களா? அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் அப்பர்ச்சர் மோடுக்கு வந்தால் அதே பட்டன், அதே டயல், அதே விரல் அசைவு, ஆனால் இப்போது மாறுவது எக்ஸ்போஷர் திருத்தம், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்ற அளவு! ஒருநாள் பூராவும் நான் இப்படித்தான் மைனஸ் 2-ல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், வர வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கு. கைப்பழக்கத்தில் அப்பர்ச்சரை மாற்றுவதாக நினைத்து எப்போதோ திருப்பியிருக்கிறேன். வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் பகல் முழுக்க அந்திப்பொழுது.

அப்பர்ச்சரும் ஷட்டரும் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். இரண்டு டயல் இருந்தால் இந்தப் பாடம் விரல்களுக்குத் தானாகப் புரிந்துவிடும், ஆள்காட்டி விரல் ஒரு பக்கம் இரண்டு கிளிக், கட்டைவிரல் மறுபக்கம் இரண்டு கிளிக், வெளிச்சம் மாறவில்லை, படம் மட்டும் மாறுகிறது. ஒற்றை டயலில் இதை விளக்கி முடிப்பதற்குள் ஓடிக்கொண்டிருந்த பையன் தெருமுனைக்குப் போய்விடுவான். 2009-ல் நிக்கான் டி3000-ல் திரையிலேயே பாடம் நடத்தும் வழிகாட்டி மோடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது மெனுவைக் கற்றுக்கொடுக்கிறது, கையைப் பழக்குவதில்லை.

லென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் காசை இழப்பது இங்கேதான். 2006-ல் நிக்கான் டி40 வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சின்ன கேமரா, கையில் எடுத்தாலே எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும். ஃபிளாஷோடு நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகம் வரை எடுக்கலாம், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேமராக்கள் 250-லேயே நின்றுவிடும். ஆனால் எடையையும் விலையையும் குறைக்க அதன் உடம்பிலிருந்து ஆட்டோஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டார்கள். தன்னிடம் மோட்டார் வைத்திருக்கும் லென்ஸ் மட்டும்தான் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். மோட்டார் இல்லாத பழைய 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ், எல்லோரும் முதலில் வாங்கச் சொல்லும் லென்ஸ், டி40-ல் மாட்டிக்கொள்ளும், படமும் விழும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும், அதுவும் நான் மேலே புலம்பிய அந்த இருட்டு வியூஃபைண்டரில். மூலையில் எரியும் பச்சைப் புள்ளி ஒன்றுதான் துணை. மலிவான, மோட்டாருள்ள 35 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸை நிக்கான் 2009-ல்தான் கொண்டுவந்தது. கேனானில் இந்தச் சிக்கல் கிடையாது, 1987-ல் தங்கள் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வரிசையைத் தொடங்கிய நாளிலிருந்தே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். டி40-க்குப் பின் டி3500 வரை வந்த நிக்கானின் கடைக்குட்டிகள் எதிலும் மோட்டார் திரும்பி வரவில்லை. இது கேமராப் பெட்டியில் இல்லாத வரி, உங்கள் கட்டுரையிலும் இல்லாத வரி.

இதையெல்லாம் படித்துவிட்டு நிறுவனங்களை நான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பென்டாமிரர், ஒற்றை டயல், மோட்டார் இல்லாமை எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவை சிக்கனம்தான், ஒவ்வொன்றுக்கும் எடையும் காசும் மிச்சமாகிறது. 300டி-யில் செய்தது வேறு ரகம். ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அதில் தரவில்லை, வெளிச்சத்துக்குச் சென்சாரின் உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ-வையும் 1600-லேயே நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் யாரோ அதன் உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். பூட்டி வைத்திருந்த வசதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன! ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. உள்ளே இருந்ததை மறைத்து வைத்திருந்தார்கள், அடுத்த மாடலை விற்க வேண்டுமே.

2018-ல் வந்த கேனான் 2000டி, 4000டி, அடுத்த வருடம் வந்த 250டி மூன்றிலும் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுவிலிருந்த உலோகப் புள்ளியைக் காணோம். பெரும்பாலான கேமராக்களுக்குப் பொதுவாகப் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த தொடர்புப்புள்ளி அது. எந்த நிறுவனத்தின் மலிவான மேனுவல் ஃபிளாஷாக இருந்தாலும் அதன் வழியாகத்தான் எரியும். அது இல்லாவிட்டால் கேனானின் ஃபிளாஷோ, அதன் மொழி தெரிந்த ஃபிளாஷோதான் வேண்டும். ஒரு சின்ன உலோகப் புள்ளியில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நிக்கானும் சளைத்ததில்லை, 2014-ன் டி3300-ல் இருந்த மைக் துளையையும் சென்சாரைத் தானாகச் சுத்தம் செய்யும் வசதியையும் 2016-ன் டி3400-ல் எடுத்துவிட்டது.

உண்மையில் தேவையில்லாததை வெட்டிய இடங்களும் உண்டு, அவற்றைச் சும்மா குறை சொல்லக்கூடாது. நொடிக்கு மூன்று படம் போதும், பத்து படம் எடுக்கிற கேமரா புதியவனுக்கு வீட்டில் அழிக்கும் வேலையைத்தான் கூட்டும். பிளாஸ்டிக் உடம்பு நல்லதே. டி3500 பேட்டரியும் கார்டும் சேர்த்தே 415 கிராம், ஒரு சார்ஜில் 1550 படம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. கனமான கேமராவை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். பெண்டாக்ஸ் 2013-ல் கொண்டுவந்த கே-50-ல் பென்டாபிரிசமும் உண்டு, நூறு சதவீதக் காட்சியும் உண்டு, இரண்டு டயல், மோட்டார், மழைத்துளி தாங்கும் உடம்பு எல்லாம் உண்டு, அதுவும் இடைநிலைக்குக் கீழான விலையில். அப்போ செய்ய முடியும் என்று தெரிகிறது. ஆனால் பேட்டரியோடு 650 கிராம், லென்ஸ் தேர்வும் மற்ற இரண்டு நிறுவனங்கள் அளவுக்குக் கிடையாது. எதையோ கொடுத்துத்தான் எதையோ வாங்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பது, எதைக் கொடுக்கிறோம் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்றுதான்.

டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் புலம்பல் என்று வீட்டிலேயே கேட்டார்கள். காலம் மாறினாலும் கத்தரி மாறவில்லை. 2023-ல் கேனான் வெளியிட்ட ஆர்100 என்ற கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராவில் திரை தொட்டால் அசையாது, திருப்பவும் முடியாது, கையில் உள்ள போனைத் தொட்டே பழகிய தலைமுறைக்குத்தான் அதை விற்கிறார்கள். அப்புறம், டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டாம் கையாக. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: புதிய சின்ன மாடலைவிடப் பழைய நடுத்தர மாடலைத் தேடுங்கள். 2008-ன் நிக்கான் டி90, 2010-ன் டி7000, 2007-ன் கேனான் 40டி, மூன்றிலுமே பென்டாபிரிசம், இரண்டு டயல். நிக்கான் இரண்டிலும் மோட்டாரும் உண்டு. 40டி-க்கு 10 மெகாபிக்சல்தான், கடையில் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். கண்ணில் வைத்துப் பாருங்கள், இரண்டு விரலையும் டயல் மேல் வைத்துப் பாருங்கள், போதும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால் அந்த ஒப்பீட்டு அட்டவணையில் இன்னும் நான்கு கட்டம் சேருங்கள்: வியூஃபைண்டரில் தெரிவது எத்தனை சதவீதம், டயல் எத்தனை, உடம்பில் மோட்டார் உண்டா, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுப்புள்ளி உண்டா. இடம் போதாவிட்டால் மெகாபிக்சல் கட்டத்தை எடுத்துவிடலாம், எல்லாவற்றுக்கும் அநேகமாக அதே எண்தான். இன்னொன்று, கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் அந்த இளைஞர் லென்ஸுக்கு வெயில் மறைப்பான ஹூடைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறார். அது பைக்குள் வைக்கும்போது மாட்டும் விதம். எதிர்வெயில் வேறு அடிக்கிறது அவருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்